பனிச்சிறுத்தை ஹெல்மெட்

வண்டிப்பெரியார் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தொங்கிய ஃபிளெக்ஸில் பாதிதான் இன்பமேரியின் மகள். இடது ஓரத்தில் காக்கி உடுப்பில், பாஸ்போர்ட் போட்டோவுக்கு முறைக்கிற மாதிரி முறைத்துக்கொண்டு நிற்பவள் ஜோமோள். அதில் சந்தேகமில்லை. நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், பனித்தரையில் வலையை மறித்து நிற்பவள்தான் வேறு யாரோ. அவள் ஹெல்மெட்டில் ஒரு பனிச்சிறுத்தை வாய் பிளந்திருந்தது. ஊர் அதைப் புலி என்றே சொன்னது. புலிக்குள் இருப்பது ஜோமோள் இல்லை என்பது அந்த ஊரில் இன்பமேரி ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஃபிளெக்ஸ் அடித்தவன் கிளப் செயலாளர் ஜின்சன். கால்பந்து உலகக் கோப்பை வந்தால், வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டத் தெரியாத நாட்டுக்கெல்லாம் கட்அவுட் வைக்கிற ஊர் அது. சொந்த எஸ்டேட் லயத்து வரிசைவீட்டில் பிறந்த பெண் இந்திய ஐஸ் ஹாக்கி அணியில் கோல்கீப்பர் என்றால் விடுவானா? அணியின் பக்கத்தைத் திறந்து, கோல்கீப்பர் படம் ஒன்றை இறக்கி, ‘பனியைப் பிளக்கும் பெரியாற்றுப் புயல்’ என்று கீழே எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டான். ஓர் அணிக்கு இரண்டு கோல்கீப்பர் இருப்பார்கள் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. முகம்தான் தெரியவில்லையே தவிர, புலி நன்றாக வந்திருந்தது.

வார்டு மெம்பர் வந்து திறந்துவைத்த அன்று இன்பமேரி தேயிலைக் கொழுந்து எடுத்து முடித்து நேராக அங்கேதான் போனாள். ஏதோ நெருடியது. வீட்டுக்கு வந்ததும் லடாக்கில் இருக்கும் மகளைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, உன் ஹெல்மெட்டுல புலி வரைஞ்சிருக்கா?”

“அது பனிச்சிறுத்தைம்மா. ஆங்மோ அக்காவோடது. இந்த ஊர்க்காரங்க. நடக்கிறதுக்கு முன்னாடியே சறுக்கப் படிச்சவங்க. அவங்கதான் முதல் கீப்பர். என்னுது வெறும் வெள்ளை.”

“அப்ப நீ?”

“நான் ரெண்டாவது. பெஞ்சுல இருப்பேன். அவங்களுக்கு அடிபட்டாலோ, நிறைய கோல் வாங்கினாலோ என்னைய இறக்குவாங்க. ஏம்மா கேக்க?”

“சும்மாதான்.”

அன்றைக்கே ஜின்சனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர் வாயையும் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் ஹேண்ட்பால் கோல் காத்தவள் ஜோமோள். அந்தச் சான்றிதழைக் காட்டி எல்லைக் காவல் படையில் சேர்ந்தபோது இதே ஊர் என்னென்ன பேசியது! பொம்பளைப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்றது. யாரையோ நம்பிப் போகிறாள் என்றது. அந்தப் படைதான் அவளை லடாக்குக்கு அனுப்பி, சறுக்கப் பழக்கி, பனி வலைக்கு முன்னால் நிறுத்தியது. அந்தப் பேச்செல்லாம் ஃபிளெக்ஸ் கட்டிய அன்றைக்கே காணாமல் போய்விட்டது. காலை மஸ்டரில் பேர் கூப்பிடுகிற ஃபீல்டு ஆபீசர் இப்போது, “கோல்கீப்பரோட அம்மா வந்தாச்சா?” என்றார். இன்பமேரியின் புருஷன் சூசையப்பனுக்கு டீக்கடையில் யாரோ ஒருத்தர் தினம் டீ சொன்னார்கள். அவர் நடையே மாறிவிட்டது. அவரிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை. அவரிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான்.

இதற்கிடையில் ஜின்சன் வரவேற்புக்கு வேறு ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தான். சீசன் முடிந்து ஜோமோள் லீவில் வரும்போது திறந்த ஜீப், செண்டை மேளம், சர்ச் வரைக்கும் ஊர்வலம்.

“சித்தி, அந்தப் புலி ஹெல்மெட்டை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஜீப்புல அதைப் போட்டுட்டுத்தான் நிக்கணும்.”

இன்பமேரி சிரித்தாள். உண்மை வெளியே வந்தால் சிரிப்பது அவளைப் பார்த்து மட்டும் இல்லை. ஒரு பொய்யும் சொல்லாத ஜோமோள் ஜீப்பில் நிற்கும்போது ஊர் அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

முதல் போட்டி வளைகுடாவில். சர்ச் ஹாலில் வெள்ளைச் சுவர்மேல் புரொஜெக்டர் வைத்து யூடியூபில் போட்டார்கள்.

“அந்த வெயில்ல ஐஸா?” என்றார் ஒரு பெரியவர். “எம்மவனுக்கு அங்க குடிக்கத் தண்ணி சூடாத்தான் வருதுங்கான். இவளுகளுக்குத் தரை முழுக்க ஐஸ் போட்டுக் குடுத்திருக்கானே!”

விளையாட்டு யாருக்கும் புரியவில்லை. கறுப்பு வட்டு ஒன்று கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடியது. ஆட்கள் ஓட ஓட மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியை ஒருத்தி சுவரோடு சேர்த்து நெருக்கினார்கள். ஆனால் வலைக்கு முன்னால் புலி நின்றது. அது போதும். புலி தடுத்தால் விசில்.

இன்பமேரிக்கு மட்டும் கண் புலிமேல் இல்லை. ஆட்டத்தின் நடுவே கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்பியது. கடைசி ஓரத்தில், ஹெல்மெட் இல்லாமல் தொப்பி போட்டுக்கொண்டு, ஆள் மாறும்போது சின்னக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. இன்பமேரி பெற்ற முகம். அவ்வளவு பெரிய சுவரில், அவ்வளவு தெளிவாக.

இன்பமேரி ஹாலில் எல்லோருக்கும் போட்டுவைத்திருந்த, பாலில்லாத கட்டன் சாயாக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு புரொஜெக்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

“சித்தி! தலை மறைக்குது!”

“சாயா ஆறுதுல்லா, யாருக்கு வேணும்?”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சாயா அவள் பொறுப்பு. கேமரா பெஞ்சுக்குத் திரும்பினால் கெட்டில் சுவருக்குத் திரும்பும். மகள் பேர் வாங்கினாலும் தலைக்கனம் இல்லாத பொம்பளை என்று ஊர் மெச்சிக்கொண்டது.

ஊர் முழுக்க ஏமாந்தாலும் ஏமாறாத ஆள் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுச் சந்தனம். லயத்தில் எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்தக் குழம்பில் உப்புக் குறைவு என்று தட்டில் விழுமுன் சொல்லக் கூடியவள். இன்பமேரியோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவள். மழைக்காலத்தில் மலையில் மூடுபனி இறங்கி, எல்லோரும் தலையோடு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டால் ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. நிற்கிற நிலையைப் பார்த்துத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எந்தக் காலில் பாரம், எந்தத் தோள் சாய்வு, இடுப்பு எப்படி ஒடிகிறது. அதில் சந்தனம் தவறியதே இல்லை.

முதல் ஆட்டம் முடிந்த மறுநாள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, அவள் கைக்கத்தரியை நிறுத்தாமலே கேட்டாள்.

“ஏ மேரி, அந்தப் புலி வலது காலை ஊனி நிக்குது. நம்ம ஜோமோள் இடது காலைல்லா ஊனுவா?”

“ஐஸுல அப்படி நிக்கச் சொல்லிக் குடுத்திருப்பாக அக்கா.”

“அப்படியா. சரி சரி. தோளும் வத்திப்போன மாதிரி இருக்கு. குளிருல தோளு சுருங்கும்போல.”

“சுருங்கும்.”

“சுருங்கும், சுருங்கும். எனக்கு என்ன தெரியும்? நான் ஃபிரிஜ்ஜுகூட வாங்கல.”

அவ்வளவுதான். அதற்குப்பிறகு அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்பமேரியைக் கொன்றது. சந்தனம் வாய் திறந்தால் தாங்கலாம், மூடினால் எப்படித் தாங்குவது? சாயங்காலம் சீனி கேட்டு வருவாள், வாசல்படியில் உட்கார்வாள், “ஜோமோள் பேசினாளா?” என்பாள், பதிலைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுச் சீனியை வாங்காமலே போவாள்.

இரண்டாவது போட்டியில் இந்தியா இரண்டு ஆட்டம் ஜெயித்தது. ஜெயித்ததும் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். ஜின்சன் போனில் அதைப் பெரிதாக்கிக்கொண்டே சர்ச் முற்றத்துக்கு வந்தான்.

“சித்தி, ஜோமோள் கையில வெள்ளை ஹெல்மெட்டுல்ல இருக்கு? புலி வேற ஒரு பொண்ணு கையில இருக்கே?”

அதுவரை இன்பமேரி பேசாமல் இருந்தாளே தவிர, பொய் சொன்னதில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

“மாத்திப் பிடிச்சிருப்பாக. அவசரத்துல.”

“ஆமாமா,” என்றாள் பின்னாலிருந்து சந்தனம். “படம் எடுக்கையில யாரு பாக்கா? நம்ம திருவிழா படத்துல அவ மூக்குத்தியை இவ போட்டுட்டு நிக்கலையா?”

ஜின்சன் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான். இன்பமேரி திரும்பிப் பார்த்தாள். சந்தனம் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு இன்பமேரிக்குச் சோறு இறங்கவில்லை. தன் பொய்க்கு இந்தப் பொம்பளை முட்டுக்கொடுக்கிறாள் என்றால், உண்மையை எந்த நாளுக்காக எடுத்துவைத்திருக்கிறாள்?

மூன்றாவது போட்டிதான் சீசனில் கடைசி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஜெயித்தால் வெண்கலம். ஹாலில் உட்கார இடமில்லை. முன்வரிசையில் சூசையப்பன், வெள்ளை வேட்டியில், கல்யாணப் பெண்ணின் தகப்பன் மாதிரி. சந்தனம் சுவரோரம் சாய்ந்து நின்றாள். நடுவில் கெட்டிலோடு இன்பமேரி.

ஆட்டம் தொடக்கத்திலிருந்தே சரியில்லை. எதிரணிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் வாசல் கதவு அகலம் இருந்தார்கள். இந்தியா ஒரு கோல் போட்டது, மூன்று வாங்கியது. ஒவ்வொரு கோலுக்கும் ஹால் புலியைச் சமாதானப்படுத்தியது.

“பரவால்ல ஜோமோளே! மறைச்சு அடிச்சிட்டா, அவ என்ன பண்ணுவா?”

இரண்டாம் பகுதியின் நடுவில் எதிரணிக்காரி ஒருத்தி நிலை தடுமாறி வலைக்குள்ளேயே வந்து மோதினாள். வலை சாய்ந்தது. புலி விழுந்தது. எழுந்தது. ஒரு காலை ஊன முடியாமல் மறுபடி உட்கார்ந்தது.

ஹாலில் பெண்கள் அலறிவிட்டார்கள். இரண்டு பேர் ஓடிவந்து இன்பமேரியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ “அருள் நிறைந்த மரியே” என்று ஆரம்பிக்க, ஹாலே சேர்ந்துகொண்டது. புலியை இரண்டு பேர் தோளில் தாங்கி வெளியே கொண்டுபோனார்கள். சூசையப்பன் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

இன்பமேரி அவரைப் பார்க்கவில்லை. பெஞ்சின் கடைசி ஓரத்தில் தொப்பி கழன்றது. வெள்ளை ஹெல்மெட் தலையில் ஏறியது. சின்னக் கதவு திறந்தது. இந்த முறை அவள் கெட்டிலைத் தூக்கவில்லை. தூக்கக் கை வரவில்லை.

ஜோமோள் சறுக்கி வந்து வலைக்கு முன்னால் நின்றாள். இடது காலில் பாரம்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முதல் அடி வந்தது. அவள் அசையுமுன் வட்டு இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து வலைக்குள் போனது. நான்கு, ஒன்று.

“யார்றா இந்த வெள்ளைச் சட்டி?” என்று யாரோ கத்தினார்கள்.

“ரெக்கமண்டேஷன்ல வந்த கேஸா இருக்கும்.”

“நம்ம ஜோமோளுக்கு ஒத்தைக் கால் போனாலும் இதைவிட நல்லா நிப்பா!”

“இறக்குங்கடா அவளை! வேடிக்கை பாக்க வந்திருக்கா!” இது ஜின்சன்.

இன்பமேரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம். ஆட்டம் முடிந்துவிட்டால் சீசன் முடிந்தது. புலிக்கு அடிபட்டுவிட்டது, வரவேற்பு எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஜோமோளை இந்த வருஷம் வராதே என்று சொல்லிவிடலாம். வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் அதுவாகவே அடங்கிவிடும்.

அப்போதுதான் முன்வரிசையில் சூசையப்பன் சுவரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“இவளைப் பெத்தவளைச் சொல்லணும்! காலை விரிச்சுப் போட்டுட்டு நிக்கா பாரு, மூதி! வீட்டுல ஒண்ணும் சொல்லிக் குடுக்கல போல!”

ஹால் கொல்லென்று சிரித்தது. இன்பமேரி சுவரோரம் பார்த்தாள். சந்தனம் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்பமேரி கெட்டிலைத் தரையில் வைத்தாள்.

“ஏங்க, அது நம்ம புள்ளை.”

“எது?”

“அந்த வெள்ளை ஹெல்மெட்டு. இப்ப நீங்க மூதின்னு வைஞ்சீகளே, அவதான்.”

பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் முதலில் கேட்டது. அவர்கள் அடங்க, பின்வரிசையும் அடங்கியது.

“அப்ப புலி?” என்றார் சூசையப்பன்.

“அது ஆங்மோன்னு லடாக்குப் பொண்ணு. முதல் கீப்பர். நம்ம புள்ளை ரெண்டாவது. சீசன் பூராவும் பெஞ்சுல கதவு திறந்துவிட்டா. இந்த ஊரு இத்தனை நாள் கை தட்டினது யாரோ பெத்த புள்ளைக்கு. பெத்த புள்ளை இறங்கினதும் ஆளாளுக்கு வைதுட்டீக.”

“சித்தி,” என்றான் ஜின்சன். குரல் கீச்சென்றது. “ஃபிளெக்ஸு…”

“படத்தை மாத்திப் போட்டது நீ. தெரிஞ்சும் பேசாம இருந்தது நான். அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. யாரும் அவளைச் சிரிக்கப்படாது. சிரிக்கணும்னா என்னையப் பாத்துச் சிரிங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமும் இல்லை. சுவரில் விசில் ஊதியது. நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போல வைத்துவிட்டு மைதானத்தின் நடுப்புள்ளியைக் காட்டினார். ஆட்டக்காரிகள் எல்லோரும் ஓரத்துக்கு விலகினார்கள். பெரிய பனித்தரை காலியானது. ஒரு முனையில் ஜோமோள். நடுவில் வட்டுக்கு முன்னால் அந்தக் கதவு அகலப் பெண்களிலேயே அகலமானவள்.

“என்ன பண்ணுதாக?” என்றார் சூசையப்பன், மெதுவாக.

“தப்பாட்டத்துக்குத் தண்டனை. ஒத்தைக்கு ஒத்தை,” என்றாள் இன்பமேரி. சீசன் பூராவும் மகளிடம் போனில் கேட்டுக் கேட்டுப் படித்தது. “அவ அடிப்பா. நம்ம புள்ளை தடுக்கணும். வேற யாரும் நடுவுல வரப்படாது.”

அந்தப் பெண் வட்டைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். ஜோமோள் வலையைவிட்டு முன்னால் வந்தாள். முழங்கால் மடிந்தது. அந்தப் பெண் இடது பக்கம் சாய்ந்தாள், மட்டையைத் தூக்கினாள்.

படம் நின்றது.

சுவரில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வண்டிப்பெரியாரில் மழை தூறினாலே நெட்டுக்கு ஜலதோஷம் பிடிக்கும். வேறு நாளாக இருந்தால் ஹாலே சேர்ந்து அந்த நெட் கம்பெனிக்காரனின் தலைமுறையை இழுத்திருக்கும். இன்று ஒரு சத்தமில்லை. தூக்கிய மட்டையும் மடங்கிய முழங்காலும் அப்படியே நிற்க, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜின்சன் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தான். மழை அவன் கையில் விழுந்தது. ஹாலில் பாதிப்பேர் சுவரைப் பார்க்கவில்லை, இன்பமேரியைப் பார்த்தார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது.

படம் வந்தது. அதற்குள் ஆட்கள் எல்லோரும் வலைப் பக்கம் கூடியிருந்தார்கள். நீல உடுப்பு. இந்தியாவின் உடுப்பு. ஒருத்தி மாற்றி ஒருத்தி வெள்ளை ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுப் போனார்கள். மேலே இன்னும் நான்கு, ஒன்றுதான்.

“தடுத்துட்டாளா?” என்று யாரோ கேட்டார்கள். வைதவர்களுக்குக் கை தட்டக் கூச்சமாக இருந்தது.

“காலை மூடிட்டா,” என்றார் சூசையப்பன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். “மூடிட்டால்லா!”

அப்புறம்தான் விசில் வந்தது.

கடைசிப் பகுதியில் இந்தியா இரண்டு கோல் திருப்பிப் போட்டது. ஜோமோள் ஒன்றும் விடவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பயிற்சியாளர் கையசைக்க, அவள் வலையைக் காலியாக விட்டுவிட்டு பெஞ்சுக்கு ஓடினாள். ஹால் கொதித்துவிட்டது.

“நல்லா ஆடுறவளை எதுக்குடா வெளிய எடுக்கான்?”

“அவளுக்குப் பதிலா அடிக்கிற ஆளு ஒண்ணு கூட இறங்குவா,” என்றாள் இன்பமேரி. “ஒரு கோல் தானே குறையுது. துணிஞ்சு பாக்காக.”

துணிந்தது பலிக்கவில்லை. எதிரணி காலி வலைக்குள் ஒன்றைத் தள்ளிவிட்டது. ஐந்து, மூன்று. வெண்கலம் போயிற்று.

“அந்தக் கோலு ஜோமோள் கணக்குல வராது!” என்று ஜின்சன் நாற்காலிமேல் ஏறி நின்று அறிவித்தான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் யாரும் இன்பமேரியின் பக்கத்திலும் வரவில்லை. முன்பு கையைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருத்தி, “இருந்தாலும் ஊரையே முட்டாளாக்கிட்டா பாரு,” என்று மற்றவளிடம் சொன்னது நன்றாகவே கேட்டது. இன்பமேரி கெட்டிலை எடுத்து, மிச்சச் சாயாவை ஜன்னல் வழியாகக் கொட்டினாள்.

ஆட்கள் கலையாமலே நின்றார்கள். கலைந்தால் அடுத்து என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்குள் அவள் போன் அடித்தது. எடுத்ததும் ஜோமோளின் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

“அம்மா! இறங்கினேம்மா! பாத்தியா?”

“பாத்தேன்.”

“முதல் அடியே விட்டுட்டேன். அங்க யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

சூசையப்பன் அவசரமாக ஃபேன் எத்தனை சுற்றுகிறது என்று பார்க்கத் தொடங்கினார். ஜின்சன் நாற்காலியிலிருந்து இறங்கினான்.

“சொன்னாக,” என்றாள் இன்பமேரி. “உங்கப்பாதான் கூடச் சொன்னாரு. அதுக்கு முன்னாடி நான் உங்கிட்ட வேற ஒண்ணு சொல்லணும். எம்மேலதான் தப்பு. கோவப்படாமக் கேளு.”

போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் வராந்தாவுக்கு நடந்தாள். மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சந்தனம். தூணைப் பார்க்க வந்தவள் மாதிரி தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இன்பமேரி திரும்பினாள்.

“முதல் ஆட்டத்துலேயே தெரியும்தானே உனக்கு?”

“எனக்கு என்ன தெரியும்?” என்றாள் சந்தனம். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “தெரியும்.”

“பின்ன ஏன் ஊருக்குச் சொல்லல?”

“சொல்லிட்டா அன்னைக்கே தீந்துபோகும். நீ எப்ப சொல்லுவேன்னு பாக்குறதுல எனக்குத் தூக்கமே போச்சு.”

போனுக்குள் ஜோமோள், “யாரும்மா அங்க? என்னம்மா சொல்லணும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இன்பமேரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

“தூணுகிட்ட நின்னா மழைச் சத்தத்துல சரியாக் கேக்காதுக்கா,” என்றாள். “இங்க வா.”

சந்தனம் வந்தாள்.